மருந்துத் துண்டில் எழுதிய புத்தகம்

ஞாயிற்றுக்கிழமை காலை ராஸிக் நானா கடையைத் திறக்காமல் நேரே என் வீட்டுக்கு வந்தார். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் கிளினிக்குக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருப்பவர். இத்தனை வருடப் பழக்கத்தில் ஒரு நாளும் என் வாசலை மிதித்ததில்லை. கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. "டொக்டர் மௌத்தாயிட்டாங்க, செல்வராஜ். பக்கத்து வூட்டு சிங்கள நோனா கதவத் தட்டிப் பாத்திருக்கா. நீங்க வாங்க, அங்க வேற யாருமில்ல" என்றார்.

வேறு யாரும் இல்லைதான். குழந்தை மருத்துவர் தவமணி அம்மாவின் கையால் ஊசி போட்டுக்கொண்டு வீறிட்டு அழுதவர்கள் இன்று கண்டி முழுக்கத் தாடி மீசையோடு திரிகிறார்கள். மயானத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். கனடாவிலிருக்கும் மகனுக்கு வர வழியில்லை. வராதவர்களைத் திட்ட வாய் துடிக்கிறது. பாலத்துக்குப் பாலம் சிப்பாய்கள் சோதனை நடத்துகிற யுத்த நாளில் தமிழ்ச் சாவுக்கு யார் வருவார்கள் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொள்கிறேன்.

அவரிடம் நான் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தேன். அவர் யாழ்ப்பாணம். நான் கண்டிக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவன். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒரு மருந்துத் துண்டு என் ஜன்னலுக்கு வந்தது. இருமலுக்குப் பாணி, காய்ச்சலுக்கு மாத்திரை, அதற்குக் கீழே அதே கையெழுத்தில் 'புத்தகம் ஒன்று, நாளுக்கு ஒரு தரம், பிள்ளையை மடியில் வைத்து' என்று இருந்தது. பிள்ளைக்கு ஏழு மாதம். துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"பல்லே மொளைக்கல டொக்டர். பொஸ்தகத்த வச்சு அது என்னா செய்யும்?"

"கடிக்கும்" என்றார், தலையை நிமிர்த்தாமல். "கடிக்கட்டும். பிறகு பாக்கும், பிறகு கதைக்கும். அலுமாரியில இருக்கு, எடுத்துக் குடுங்கோ."

அப்படித்தான் மருந்து ராக்கைக்குப் பக்கத்தில் புத்தக அலுமாரியும் என் பொறுப்பில் வந்தது. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ், சிங்களப் பிள்ளைக்குச் சிங்களம். அடுத்த முறை வரும்போது நிறுத்துப் பார்த்துவிட்டு, "பூனை எங்க, காட்டுங்கோ பாப்பம்" என்பார். பிள்ளை விரலை வைத்தால் எடை கூடியதைப் போலவே அதையும் அட்டையில் குறிப்பார். எழுத்துத் தெரியாது என்று கூச்சப்படும் தாய்மாருக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: "படத்தைக் காட்டி உங்கட வாயால கதையுங்கோ. எழுத்துப் பிறகு வரும்."

என் ஜன்னலில் எனக்கொரு சட்டம் இருந்தது. பாணி மருந்துக்கு வெறும் போத்தலை வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவர வேண்டும். கழுவாத போத்தலோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், மழையானாலும் சரி. பன்வில தோட்டத்திலிருந்து புஷ்பம் என்றொரு தாய் வருவாள். ஒரு நாள் அவள் பளபளவென்று ஒரு போத்தலையும், அப்பளம் போல விறைத்த ஒரு பொருளையும் என் முன்னால் வைத்தாள். அது நாங்கள் கொடுத்த புத்தகம்.

"போத்தலோட சேத்து இதயும் கழுவிட்டேங்க. சவுக்காரம் போட்டு, வெயில்ல காயவச்சுத்தாங்க கொண்டாந்தேன்."

நான் சிரித்தேன். வரிசையில் நின்றவர்களையும் சேர்த்துச் சிரிக்க வைத்தேன். டொக்டர் எழுந்து வெளியே வந்தார். "ஏன் சிரிக்கிறியள்? நீங்கள் சொன்னதைத்தானே அவ செய்தவ. கழுவினா நிக்காத புத்தகத்தைக் குடுத்தது எங்கட பிழை." அந்த வாரமே வெள்ளைத் துணி வாங்கினார். வெட்டி, மடித்து, தானே தையல் இயந்திரத்தில் தைத்து, சலவைக்காரர் குறியிடும் அழியாத மையால் பூனை, மீன், குடை என்று வரைந்து பெயரெழுதினார். அவர் வரைந்த பூனை எலியைப் போல இருக்கும். சொன்னால் கோபம் வரும். தமிழ்த் துணிப் புத்தகங்கள் ஒரு அலுமாரி நிறையச் சேர்ந்தன.

பிறகு அந்த ஆடி மாதம் வந்தது. நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. டொக்டரையும் கணவரையும் மகனையும் பேராதனையில் ஒரு சிங்களச் சிநேகிதி தன் வீட்டில் வைத்திருந்தார். கிளினிக்கில் நான் தனியே. கட்டிடச் சொந்தக்காரர் ஓடிவந்து பெயர்ப்பலகையைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். அலுமாரியைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் தமிழ் எழுத்து. எரித்தால் புகை காட்டிக்கொடுக்கும். ஒரு சாக்கில் அள்ளிப்போட்டுக்கொண்டு பின்பக்கமாக இறங்கி மகாவலியில் கொட்டினேன். அவசரத்தில் துணி மிதக்கும் என்று தோன்றவில்லை. பூனையும் மீனும் குடையும் வானத்தைப் பார்த்தபடி போயின. அன்று மாலை ஒரு கூட்டம் வந்து கண்ணாடியை உடைத்தது, மருந்துப் போத்தல்களைக் கொட்டியது, போய்விட்டது. பின்பக்கக் கக்கூசில் ஒளிந்துகொண்டு கதவிடுக்கால் பார்த்தேன். அலுமாரிப் பக்கம் ஒருவன்கூடத் திரும்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து டொக்டர் வந்தார். உடைந்த கண்ணாடியைத் தாண்டி நேரே அலுமாரிக்குப் போனார். அவர் கைபட்ட தையலையெல்லாம் சும்மா ஆற்றில் விட்டேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க டொக்டர்" என்றேன்.

அலுமாரியின் வெறும் தட்டில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு முகம் மெல்லத் தெளிந்தது. "கொண்டு போனவனுக்கு வீட்டில ஒரு பிள்ளை இருக்கும், செல்வராஜ். இல்லாட்டி அதை ஏன் எடுக்கிறான்?" என்றார்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும், புத்தகம் கொண்டு போனவனின் இந்தக் கதை தெரியும். அவரே சொல்லியிருப்பார். கேட்டவர்களுக்கும் சொன்னார், கேளாதவர்களுக்கும் சொன்னார். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே என்று அதற்குப் பிறகு தைத்த ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மொழியிலும் எழுதினார். கணவர் மகனைக் கூட்டிக்கொண்டு கனடாவுக்குப் புறப்பட்டபோது, "நீங்கள் போங்கோ, நான் பிறகு வாறன்" என்று அனுப்பிவைத்தார். போகவேயில்லை. "கடை எரிக்க வந்த இடத்திலயும் பிள்ளைக்குப் புத்தகம் எடுத்த மனுசர் இருக்கிற ஊர். இதை விட்டிட்டு எங்க போறது?" என்று என்னிடம் கேட்டார். நான் போத்தலுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன்.

கணவர் அங்கேயே காலமானார். செய்தி வந்த அன்றும் டொக்டர் கிளினிக்கைப் பூட்டவில்லை. மத்தியானம் ஒரு மணிக்குத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருந்தார். வெளியே நான் இருந்தேன். என்னால்தான் இந்த மனுஷி தனியாக இருக்கிறார் என்ற நினைப்போடு எத்தனையோ வருடம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறேன்.

புத்தகம் போய்ச் சேர்ந்ததாக நம்பிய அந்தப் பிள்ளையின் வயதையும் அவர் வருடா வருடம் எண்ணிவந்தார். "இப்ப பள்ளிக்கூடம் போகும்." "இப்ப சோதனை எடுக்கும்." போன வருடம் பாலத்தடிச் சோதனையில் ஒரு இளம் சிப்பாய் அவருடைய பையைத் தெருவில் கவிழ்த்துக் கொட்டினான். துணிப் புத்தகங்களை ஒவ்வொன்றாகக் காலால் புரட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் குனிந்து பொறுக்கியபடியே அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்கும் இந்த வயசுதான் இருக்கும். இவனோ என்னவோ" என்றார்.

காரியம் முடிந்த அன்று மகன் தொலைபேசியில் பேசினார். "அம்மா ஏன் அங்கயே நிண்டவ, அங்கிள்? உங்களுக்கு ஏதும் தெரியுமே?" தெரியாது தம்பி என்றேன். அது என் இரண்டாவது பொய். தம்பி, உங்கள் அம்மாவை உங்களிடமிருந்து பிரித்து இங்கே வைத்திருந்தது நான் சொன்ன ஒரு வார்த்தை. புத்தகங்களை யாரும் எடுத்துப் போகவில்லை. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை.

பிள்ளைகளை நிறுக்கும் அவருடைய நிறைகோலை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டேன். தையல் இயந்திரத்தைப் பக்கத்து வீட்டு நோனா வாங்கிக்கொண்டார். எனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அவரிடமிருந்து ஒன்று என்னோடு வந்துவிட்டது. பாலத்தைக் கடக்கும்போது, அடையாள அட்டையை நீட்டிவிட்டு, சிப்பாயின் முகத்தைப் பார்க்கிறேன். அப்படியொரு பிள்ளை இல்லையென்று இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். இருந்தும் இவனோ என்று பார்க்கிறேன்.