வல்லூறுக்குக் கட்டுன திருஷ்டி பொம்மை

இது சாமி சத்தியமா நடந்த கதைங்க. நடுவுல கொஞ்சம் இழுத்து விடுவேன், அது என் வாய்க்கொழுப்பு, கண்டுக்காதீங்க.

ஹனூர்ல இருந்து மைசூருக்குப் பொழைக்க வந்த கொத்தனாரு நஞ்சப்பன். தொண்ணூத்தாறுல விஜயநகர்ல ஒரு மாடி வீட்டுல வேலை. சாரத்துக்கு எதுத்தாப்புல இருந்த மரத்துல ஒரு வல்லூறு கூடு கட்டுச்சு. அது பாஞ்சா ஓணான் என்ன, மேஸ்திரிக்கே வேட்டி நழுவும். நஞ்சப்பன் சோத்துப் போசியத் தொறந்து வச்சுக்கிட்டு அதையே பாப்பாரு. சோத்தக் காக்கா தின்னுட்டு, கையும் கழுவிட்டுப் போயிரும்.

கூட்டுல மூணு முட்டை. குஞ்சு பொரிக்கிறதப் பாக்கணும்னு மனுசனுக்கு அம்புட்டு ஆசை. தெருவே அண்ணாந்து பாக்குதே, கண்ணு பட்டுருமேன்னு பயந்து, வீட்டுக்குக் கட்ட வேண்டிய திருஷ்டி பொம்மையக் கூட்டுக்கு நேராக் கட்டிட்டாரு. பூசணிக்காய் தண்டி கண்ணு, கொடுவா மீசை. அதப் பாத்து மிரண்டு பறந்த வல்லூறு திரும்பவே இல்ல. அன்னைக்கே பொம்மைய அவுத்தாரு, ஒரு வாரம் காத்துக் கெடந்தாரு. கடைசியில முட்டையக் காக்கா கொத்திருச்சு.

"நான் சும்மா இருந்திருந்தா பொழச்சிருக்கும்"னு இன்னைக்கும் பொலம்புறாரு.

இத நான் மண்டி மொஹல்லா டீக்கடையில சொன்னதும் பெயிண்டர் குமரேசன் சிரிச்சான்.

"பொம்மை என்னய்யா பண்ணும்? தெனம் வெறிச்சு வெறிச்சுப் பாத்த நஞ்சப்பன் கண்ணுதான் பட்டுச்சு!"

நஞ்சப்பனோட மச்சான் தங்கராசு கிளாஸ டொக்குன்னு வச்சான்.

"எங்க மாமன் கண்ணாடா கொள்ளிக்கண்ணு? வெளிய வாடா!"