பின்சுவர்க் கண்ணாடி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் காட்ட நான்கு இடங்கள் உண்டு. விடுதியாக மாறிவிட்ட பழைய துரை பங்களா, கூரையில் மரம் முளைத்த பெக்டரி, அந்தக் காலத்துத் துரைமாரைப் புதைத்திருக்கும் சின்னக் கருங்கல் தேவாலயம், கடைசியாக நாங்கள் குடியிருந்த, ஆறு வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டிய லயம். முதல் மூன்றும் பார்க்க வேண்டியவைதான், ஒத்துக்கொள்கிறேன். நான்காவதில் நாங்கள் சோறாக்கினோம், துணி காயப்போட்டோம். அதையும் விடாமல் படம் எடுப்பார்கள்.

அவர்களைக் கூட்டிவரும் கைடு எங்கள் ஆள்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"இதுல என்னத்த தம்பி பாக்குறாங்க?"

"அவங்க ஊரு பழைய கிராமம் மாதிரியே இருக்காம் அக்கா. கல்லுச் சுவரு, வரிசையா வீடு..."

"மழைக்கு ஒழுகுறதும் அவங்க ஊரு மாதிரியேதானா?"

அவர் சிரித்து மழுப்பிவிட்டுப் போனார்.

லயத்துக்குப் பின்னால் மலை செங்குத்தாக ஏறும். ஐப்பசி மழையில் என் காம்பராவின், அதாவது லயத்தில் எனக்குள்ள ஒற்றையறை வீட்டின், பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு விழுந்தது. மண்சரிவைப் பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்தார். வெடிப்புக்குக் குறுக்கே உள்ளங்கை நீளத்தில் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, அதன்மேல் சிவப்பு மையால் திகதி எழுதினார். சுவர் அசைந்தால் இது உடையும், உடைந்தால் அன்றைக்கே எல்லோரும் ஸ்கூலுக்கு இறங்கிவிடுங்கள், எனக்கும் உடனே சொல்லுங்கள் என்று சிங்களத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மழை பெய்த காலைகளில் மற்ற ஐந்து காம்பராக்காரரும் என் வீட்டுக்குள் வந்து எட்டிப்பார்ப்பார்கள். பக்கத்துக் காம்பராவில் இருந்த என் அக்காதான் முதல் ஆள், இடுப்பில் குழந்தையோடு. பன்னிரண்டு வருசம் கோயில் கோயிலாக அலைந்து பெற்ற பெண்பிள்ளை அது. மச்சான் கொழும்பில் வேலை என்பதால் பாதி நேரம் என் மடியில்தான் கிடக்கும். "கண்ணாடி நல்லாருக்காடி?" என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா தேத்தண்ணிக்கு அடுப்புப் பற்றவைப்பாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். கம்பை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கண்ணாடி குறுக்கே இரண்டாகப் பிளந்திருக்கிறது. கம்பு பட்ட சத்தம் கேட்டதா? கேட்கவில்லை. ஆனாலும் கம்புதான் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே பளிச்சென்று வெயில் வேறு.

விடிந்தால் பொங்கல். உடைந்த கண்ணாடியை வீட்டில் வைத்துக்கொண்டு எங்களில் யாராவது பானை வைப்போமா? சொன்னாலோ லயமே மூட்டை கட்டிக்கொண்டு இறங்க வேண்டும், என் ஒட்டடைக்கம்பால் ஆறு வீட்டுப் பொங்கலும் நாசம். நான் மூச்சு விடவில்லை. கண்ணாடியைப் பெயர்த்துத் தாளில் சுற்றிக் கொல்லைச் சாக்கடைக் கானில் எறிந்தேன். மாத்தளை டவுனுக்கு பஸ் ஏறி, படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் அதே அளவில் ஒரு துண்டு வெட்டி வாங்கிவந்து ஒட்டினேன். சிவப்பு நெயில் பாலிஷால் பழைய திகதியையே எழுதினேன். அச்சு அசல் அப்படியே இருந்தது.

பின்னேரம் அக்கா எட்டிப்பார்த்து, "ஆத்தாடி, கண்ணாடியக்கூட தொடச்சு வச்சிருக்கியே!" என்றாள்.

பொங்கலன்று பங்களா விருந்தாளிகள் வந்து பானையையும் கோலத்தையும் கல்லுச் சுவரையும் படம் படமாகச் சுட்டுத் தள்ளினார்கள். பால் பொங்கியபோது எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள் நான்தான்.

அடுத்த வாரம் மறுபடி மழை பிடித்தது. அக்காவின் பின்கதவு நிலையில் சிக்கி மூட மறுத்தது. கானில் செம்மண் தண்ணீர் வந்தது. கொல்லையில் நின்ற கறிவேப்பிலை மரம் லயத்தின் பக்கம் சாய்ந்தது. ஒவ்வொன்றுக்கும் நாலு பேர் கூடி, பிறகு என் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி ஒடையலல்ல, பயமில்ல" என்று கலைந்து போனார்கள். அது நான் ஒட்டிய துண்டு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. கோழை, வேறென்ன!

பொங்கல் கழிந்து இருபதாம் நாள் காலை, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாருமில்லை. டிக்கென்று ஒரு சத்தம். கண் எதிரிலேயே கண்ணாடியில் குறுக்காகக் கோடு விழுந்தது. அடிப்பாவி, அன்றைக்கும் கம்பு படவேயில்லை!

கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மற்ற நாலு வீட்டுக்காரரும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அக்கா மட்டும் அசையவில்லை.

"இப்பதானே ஒடஞ்சிருக்கு? ஏன்டி பறக்குற? பிள்ள இப்பதான் கண்ணசந்துச்சு. எந்திரிக்கட்டும், போவோம்."

"அக்கா, இது ரெண்டாவது கண்ணாடி. மொதக் கண்ணாடி பொங்கலுக்கு முந்துன நாளே ஒடஞ்சிருச்சு. நான்தான் மறைச்சு வேற ஒட்டினேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். குழந்தையைப் போர்வையோடு வாரி எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினாள்.

மறுநாள் மத்தியானம் மலை பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. என் காம்பராவும் அக்காவின் காம்பராவும் இருந்த இடத்தில் மண் குவிந்து கிடந்தது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஸ்கூலில் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்திருக்காட்டி நாங்க மண்ணுக்குள்ளதான்" என்றார்கள். அக்காவும் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சாப்பாட்டுப் பார்சல் வந்தபோது குழந்தை என் மடியில் இருந்தது. அக்கா கை கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"பொங்கலுக்கு முந்துன நாளுன்னுதானே சொன்ன?"

"ஆமாக்கா."

"கதவு சிக்கினப்பவே ஸ்கூலுக்குப் போயிருவோமான்னு நெனச்சேன். ஒன் கண்ணாடியப் பாத்துட்டுத்தான் இருந்துட்டேன். அத நம்பித்தான் பிள்ளைய அந்தப் பின்சுவரோரமாவே படுக்கப் போட்டேன்."

குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், வகுப்பறையின் அடுத்த மூலையில் பாயை விரித்தாள்.