பதினொரு வாலிபருக்கான ஜெபக்குறிப்பு

ஒரு நடிகருக்காக என் தங்கச்சி ஒருவேளை சாப்பிடாமல் இருந்தால் வீட்டில் அவளுக்குப் பெயர் கிறுக்கி. இந்தியா தோற்ற அன்று நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால், "விடுங்க, பிள்ளைக்கு மனசு சரியில்ல" என்று அம்மா அப்பளம் பொரித்துக் கொண்டுவருவாள். எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் இதுதான் சட்டம். அந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அப்பளம் எனக்குத்தானே வந்துகொண்டிருந்தது.

ஆளுக்கொரு நோட்டு வைத்திருந்தோம். அவளுடையதில் வாரப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய அந்த நடிகரின் படங்கள். என்னுடையதில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் படங்கள், பக்கத்தில் சிவப்பு மையில் ஓட்டக் கணக்கு. ஒட்டியது இரண்டையும் ஒரே சோற்றுப் பருக்கையால்தான். எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்று அவள் சொன்னால் அது வெட்டிவேலை. எந்த மைதானத்தில் யார் எத்தனை அடித்தார் என்று நான் சொன்னால் அது ஞாபகசக்தி. அந்த நடிகருக்குக் கல்யாணம் ஆன செய்தி வந்தபோது அவள் கொல்லைப்புறத்தில் நின்று அழுதாள். நான் தெருவுக்கே கேட்கும்படி சிரித்தேன். எனக்குப் பிடித்த மட்டையாளர் ஒருவர் ஓய்வு பெற்றபோது காய்ச்சல் என்று சொல்லி மில்லுக்கு இரண்டு நாள் லீவு போட்டேன். அவள் அழுதால் பைத்தியம், நான் அழுதால் நாட்டுப்பற்று. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது எனக்கு இது நியாயமாகவே பட்டது.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருவேன். தங்கச்சிக்கு இருபத்தொன்று. டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தாள். அவள் தனக்கென்று வெளியே போக இருந்த ஒரே இடம் எங்கள் வேதக்கோயிலின் பாடகர் குழு. நாலு வருஷமாகக் கடைசி வரிசையில் நின்று பாடினவளுக்கு, அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் தனிப்பாட்டு என்று ஐயர் சொல்லிவிட்டார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். அன்றிலிருந்து மாவு ஆட்டும்போதும் தேவதூதர் மேய்ப்பருக்குத் தோன்றுகிற அந்தப் பாட்டு, துணி அலசும்போதும் அதே பாட்டு. "ஏட்டி, அந்தத் தேவதூதரே அலுத்துப் போய்த் திரும்பிப் போயிருவாரு" என்று சொல்லுவேன். அவள் காதில் வாங்கமாட்டாள்.

வினையை ஆரம்பித்து வைத்தது நான்.

வேதக்கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. யாருக்காவது ஜெபம் வேண்டுமானால் ஒரு சீட்டில் எழுதிப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை ஐயர் அதை வாசித்து, சபையோடு சேர்ந்து ஜெபிப்பார். எழுதினவர் பெயர் போட வேண்டியதில்லை. அந்தச் சமயம் வெளிநாட்டுக்குப் போயிருந்த இந்திய அணி அடிமேல் அடி வாங்கிக்கொண்டிருந்தது. "அயல்தேசத்தில் கடும் சோதனையில் இருக்கும் பதினொரு வாலிபருக்காக" என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு, குரல் தழுதழுக்க, ஐந்து நிமிஷம் ஜெபித்தார். ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியம்மா என்னிடமே வந்து, "எந்த ஊருப் பிள்ளைகளோ, ஏஜெண்டு ஏமாத்திட்டான் போல. பெத்தவ வயிறு என்ன பாடுபடுதோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தலையை ஆட்டினேன். அன்றைக்கு இந்தியா ஜெயித்தது.

இந்த ரகசியத்தைத் தங்கச்சியிடம் மட்டும் பீற்றிக்கொண்டேன். ஜெயித்தது மட்டையாலோ பந்தாலோ அல்ல, என் சீட்டால்தான் என்று ஒரு வாரம் அவள் உயிரை வாங்கினேன்.

ஒரு மாதம் இருக்கும். அவளுடைய நடிகர் சண்டைக் காட்சியில் உயரத்திலிருந்து விழுந்து, முதுகில் பலத்த அடிபட்டு, மெட்ராஸில் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகப் பேப்பரில் வந்தது. பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அவன் என்ன நமக்குச் சொந்தமா? ஆப்பிள் வெட்டிக் கொடுக்க அவனுக்கு ஆயிரம் பேர் இருக்காவ. நீ எந்திரிச்சு சோத்தைத் தின்னு" என்றேன்.

"நீ சீட்டு எழுதிப் போட்டியே, அந்தப் பதினொரு பேரும் நமக்குச் சொந்தமா?" என்றாள்.

பதில் இல்லாத இடத்தில் நான் எப்போதும் வாத்தியாராகிவிடுவேன். பேனாவை எடுத்துவரச் சொன்னேன். பெயர் போடாதே, பொய்யும் எழுதாதே, உண்மையையே பாதி எழுது என்று பாடம் நடத்தி, நானே வாசகத்தையும் சொன்னேன்: "வேலை செய்யும் இடத்தில் உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்ட ஒரு சகோதரருக்காக." எழுதி முடித்ததும் எனக்கே என் சாமர்த்தியம் ரொம்பப் பிடித்திருந்தது.

ஐயரம்மாவின் நல்ல மனசைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஜெபித்ததோடு நிற்கிற ஆள் இல்லை அவர். செவ்வாய்க்கிழமை ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு, மூன்று பெண்களோடு பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டுக்குப் போய், உயரத்திலிருந்து விழுந்தவர் யார் என்று கட்டில் கட்டிலாக விசாரித்திருக்கிறார். கான்சாபுரத்துக்காரர் ஒருவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகில் கட்டோடு கிடந்தார். நாலு பேரும் அவரைச் சுற்றி நின்று அரைமணி நேரம் ஜெபித்தார்கள். எழுந்து ஓடுகிற நிலையில் அவர் இல்லை. ரொட்டியை மட்டும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாராம்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், "சீட்டு எழுதினது யாரும்மா? அவரு இந்தக் கோயில்ல தனக்கு யாரையுமே தெரியாதுங்காரே. அவரு சம்சாரத்துக்குக் கொஞ்சம் அரிசி பருப்பு கொடுக்கணும், யாராவது கூட வாங்க" என்று ஐயரம்மா கேட்டார். தங்கச்சிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நேரே அவரிடம் போய் நின்று, "அது அவரு இல்லம்மா" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை. நான் பத்தடி தள்ளி, என் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். திறந்த பூட்டைப் பூட்டி, மறுபடியும் திறந்தேன்.

சாயங்காலத்துக்குள் சபை முழுக்கப் பரவிவிட்டது. ஒரு சினிமாக்காரனுக்காகச் சபையையே முழங்கால் போட வைத்துவிட்டாள், இவளா கிறிஸ்துமஸுக்குத் தனிப்பாட்டுப் பாடுவது என்று ஒரே பேச்சு. அடுத்த ஞாயிறு நாலு மணிக்குச் சபைக் கமிட்டி கூடி முடிவு செய்யும், அதுவரை பாடகர் குழுவுக்கு வர வேண்டாம் என்று ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.

அன்று அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, நீயும் இப்படி ஒரு சீட்டு போட்டதா கமிட்டியில சொல்லு, அது போதும். ரெண்டு பேரையுமா தள்ளி வைக்கப் போறாவ?"

அவள் கணக்கு சரி. நான் வாலிபர் சங்கத்துச் செயலாளர். கமிட்டியில் பாதிப்பேர் டீக்கடையில் என்னை நிறுத்தி ஸ்கோர் கேட்கிறவர்கள். "நாலு மணிக்கு டாண்ணு வந்து நிப்பேன், நீ கவலைப்படாத" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இந்தியாவுக்கு ஒருநாள் ஆட்டம் இருந்தது. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் டிவி உண்டு. ஆனால் ராஜபாளையத்தில் என் மில் சிநேகிதன் வீட்டில் உட்கார்ந்து பார்த்த கடைசி மூன்று ஆட்டத்திலும் இந்தியா ஜெயித்திருந்தது. அதைவிட்டு வேறு வீட்டில் பார்க்க எனக்கென்ன பைத்தியமா? காலை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். மூன்றேகால் பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்று திட்டம்.

சிநேகிதன் வீட்டில் இடமில்லாமல் ஒரு அரிசி டின்னைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். நான் உட்கார்ந்த நேரம், விழுந்துகொண்டிருந்த விக்கெட் நின்றது. இரண்டு பேர் ஜோடி சேர்ந்து அடிக்க ஆரம்பித்தார்கள். மூன்றேகால் ஆயிற்று. இந்த ஓவர் முடியட்டும் என்றிருந்தேன். மூன்றரைக்கு மெல்ல எழுந்தேன். அடுத்த பந்தில் ஸ்டம்பு பறந்தது. அந்த வீட்டில் பதினைந்து பேர் இருந்தோம், பதினாலு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தெலுங்கு பேசுகிற வீடு. சிநேகிதனின் அப்பா, "கூர்ச்சோ, கூர்ச்சோ" என்று தோளை அழுத்தி டின்மேல் உட்கார வைத்தார். அவர் அழுத்தினார் என்று பழியை அவர்மேல் போட எனக்கு ஆசைதான். ஆனால் அழுத்துவதற்கு முன்னமே என் முழங்கால் மடங்கிவிட்டது.

கமிட்டி என்றைக்குச் சொன்ன நேரத்தில் ஆரம்பித்திருக்கிறது, முதலில் பாட்டு, பிறகு ஜெபம், பிறகு டீ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாலு மணி அடித்தது. நாலேகால் ஆயிற்று. நான் எழுந்தால் இந்தியா தோற்கும் என்பதை அந்த நேரத்தில் நான் முழுசாக நம்பினேன். நான் போகாவிட்டால் தங்கச்சி தோற்பாள் என்பதற்கு அப்படி ஒரு நம்பிக்கை தேவைப்படவில்லை, அது எனக்குத் தெரிந்தே இருந்தது. கடைசி ஓவரில் ஒரு சிக்ஸர் பறந்தது. ஜெயித்துவிட்டோம். பஸ்ஸில் வரும்போது சந்தோஷமாகவே இருந்தேன். இதை மறைப்பதாக இருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம்.

வேதக்கோயிலுக்கு வந்தபோது ஐந்தரை. கமிட்டி முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தங்கச்சி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பாடகர் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்படி எழுத யார் சொல்லிக்கொடுத்தது என்று மூன்று தடவை கேட்டார்களாம், அவள் வாயே திறக்கவில்லை என்று உபதேசியார் குறைபட்டுக்கொண்டார்.

நான் ஐயரிடம் போனேன். "ஐயரே, சொல்லிக்கொடுத்தது நான்தான். அந்தப் பதினொரு வாலிபரும் இந்தியா டீம்தான், அந்தச் சீட்டையும் நான்தான் போட்டேன்" என்றேன்.

ஐயர் ஒரு நிமிஷம் என்னை முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏலே, அது நீதானா? அதான் அன்னைக்கு ஜெயிச்சானுவளா?" என்று முதுகில் ஒரு தட்டு. கமிட்டிக்காரர்களும் சிரித்தார்கள். "அது தேசத்துக்காக ஜெபிச்சது, அதுல என்ன இருக்கு" என்றார் ஒருவர்.

"அப்போ இவளையும்..." என்று இழுத்தேன்.

"அது தீர்மானம் எழுதியாச்சுப்பா" என்றார் ஐயர். "சரி, இன்னைக்கு என்ன ஆச்சு? இங்க ரேடியோகூட கேக்க முடியல."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது எத்தனையோ உண்டு. முப்பது வருஷமாகக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நான் சொன்னது, ஜெயித்துவிட்டோம் என்று. கடைசி ஓவர் எப்படி என்று கேட்டார்கள். சொன்னேன். புரியவில்லை என்றார்கள். ஐயரின் குடையை வாங்கி, வராந்தாவில் காலை முன்னே வைத்து, அந்த சிக்ஸரை அடித்தே காட்டினேன். கை தட்டினார்கள். குடையைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பெஞ்சைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்று, நான் முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.

வீடு வரைக்கும் சேர்ந்தே நடந்தோம். நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் பஸ் லேட் என்று ஒரு பொய் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் அன்று விடியுமுன்னே குளித்து, புதுச்சேலை கட்டி, அம்மா பக்கத்தில் பெண்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். தனிப்பாட்டை வேறொரு பெண் பாடினாள், நன்றாகத்தான் பாடினாள். ஆண்கள் வரிசையிலிருந்து நான் தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் மட்டும் வெளியே வரவில்லை.