மைக்கேலைத் தேடி வந்த அயர்லாந்து

ஹவுன்ஸ்லோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மைக்கேல். இளவயதில் கட்டட வேலைக்காக அயர்லாந்திலிருந்து வந்து, தனியாகவே வாழ்ந்தவர். பார்வை மங்கிவிட்டதால் அவருடைய கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன்.

ஒருநாள் அயர்லாந்துக்காரர்களுக்கான நலன்புரி நிலையம் ஒன்று எழுதியிருந்தது. வெளிநாட்டில் வாழும் தன் மக்களுக்கு அந்த நாட்டு அரசாங்கம் தரும் நிதியில், வயதானவர்களை ஊருக்குக் கூட்டிப்போகிறார்களாம்.

என் கணவரிடம் காட்டினேன்.

"நாட்டை விட்டிட்டு வந்த ஆக்களை எந்த அரசாங்கமப்பா தேடும்? ஏமாத்து வேலை. நீர் தலையிடாதையும்," என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. மைக்கேலிடம் வெறும் விளம்பரம் என்று சொல்லிவிட்டு, கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, நான் அவருக்குச் சூப் கொண்டுபோயிருந்த நேரம், நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள்.

"பதில் வரவில்லை, அதுதான் நேரில் வந்தேன். ஊர்ப் பயணத்தில் உங்களுக்கு ஒரு இடம் வைத்திருக்கிறோம்."

எனக்கு முகம் சுட்டது. "கிழித்தது நான்தான்," என்றேன்.

மைக்கேல் அதைக் காதில் வாங்கவே இல்லை. "ஊரில் இருக்கிற என் தங்கச்சிக்குப் போன் எடு!" என்று கத்தினார். நான்தான் நம்பரை அழுத்தினேன். ஊருக்கு வருகிறேன் என்று அவர் சொன்னதும், அந்தப் பக்கம் எழுந்த கூச்சலில் மூன்று பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

அகதியாக வந்த என்னை என் நாடு ஒருநாளும் தேடியதில்லை. அதற்காக அவருடைய நாடும் தேடாது என்று முடிவெடுக்க நான் யார்?