ஆர்டித் வோன்ட்ராவும் வாலாட்டிய ட்ரெய்லரும்

ஆர்டித் வோன்ட்ராவின் வேலையே எடை பார்ப்பதுதான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மேற்கு ஓரத்தில், ஊரைத் தாண்டியதும் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும் தானியக் கூட்டுறவுக் கிடங்கில், எடைமேடைக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் அவள் உட்கார்ந்திருப்பாள். கோதுமையும் மக்காச்சோளமும் ஏற்றி வரும் லாரிகளை உள்ளே வரும்போது ஒரு தரம், காலியாகத் திரும்பும்போது ஒரு தரம் நிறுத்திப் பார்த்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. அளவுக்கு மீறி ஏற்றி வருகிறவனை ஜன்னலைத் திறந்து அவள் திட்டுவது கிடங்கின் உச்சிவரைக்கும் கேட்கும். அவளிடம் திட்டு வாங்காத விவசாயி அந்த வட்டாரத்தில் கிடையாது. வாங்கிக்கொண்டு, அடுத்த நடைக்குக் குறைத்து ஏற்றி வருவார்கள்.

அவள் பேச்சு ஏறாத ஒரே காது அவள் வீட்டுக்காரன் லைலுடையது.

லைல் கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், கைநீட்டமாட்டான், யார் வீட்டுக் குழாய் உடைந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பான். ஆனால் பின்னால் திறந்த தொட்டி வைத்த அவனுடைய பிக்கப் வண்டியைப் பற்றி மட்டும் அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது. அந்த ரக வண்டிக்கு அரை டன் என்று பெயர். எந்தக் காலத்திலோ வைத்த பெயர், இப்போது அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. விளம்பரத்தில் அது பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து, அந்தப் பதினோராயிரம் பவுண்டையும் தானே தோளில் கட்டி இழுப்பதுபோல லைல் நடக்க ஆரம்பித்தான்.

இழுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தவரை ஆர்டித்துக்கு நிம்மதி. அந்த நிம்மதி மகள் மார்லிஸால் போயிற்று. பக்கத்து மாநிலமான வயோமிங்கில், மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததே தவிர வீடு கிடைக்கவில்லை. கோடைக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் மாட்டுக்கொட்டகையைக்கூட வாடகைக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். மார்லிஸ் காரில் தூங்குகிறாள் என்று கேட்டதும் லைல் நேராகத் தன் கூட்டாளி கேலனிடம் போய், அவன் வீட்டுப் பின்புறம் கிடந்த பழைய வீட்டு ட்ரெய்லரைப் பேசி முடித்துவிட்டான். முன்பக்கம் கட்டில், நடுவில் அடுப்பு, பின்பக்கம் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்கென்று அப்படியே கீழே சாயும் பெரிய கதவு. நல்ல நீளம். பிக்கப்புக்குப் பின்னால் அதைக் கட்டியபோது ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் யானையைக் கட்டியதுபோல இருந்தது ஆர்டித்துக்கு.

"லைல், கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை மேடைல ஏத்திப் பாத்துடு."

"எதுக்கு? பதினோராயிரம் இழுக்கும்னு செஞ்சவனே சொல்றான்."

"இழுக்கறது வேற, சுமக்கறது வேற. இந்த ட்ரெய்லரோட மூக்கு உன் ட்ரக்கு முதுகுலதானே உக்காருது? முதுகு எவ்வளவு தாங்கும்னு டிரைவர் கதவைத் திறந்தா ஸ்டிக்கர்ல போட்டிருக்கு. படிச்சியா?"

"நான் வண்டிய ஓட்டணுமா, கதவைப் படிக்கணுமா?"

ஊரில் உள்ள அத்தனை பேர் பாரத்தையும் பார்க்கிறவளுக்குத் தன் வீட்டுப் பாரத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு வாரம் சொன்னாள். சமைக்கும்போது சொன்னாள், சர்ச்சுக்குப் போகும் வழியில் சொன்னாள். கடைசியில் அவள் வாயை அடைக்கவாவது ஏற்றித் தொலைக்கலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை லைல் வண்டியைக் கிடங்குக்கு ஓட்டி வந்தான். அங்கே காலைக் காப்பிக்குக் கூடும் கூட்டம் கோப்பையோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தது.

"டேய் லைல்," என்று கத்தினான் கேலன். "முதல்ல நீ மட்டும் தனியா ஏறி நில்லு. பாரமே அங்கதான் இருக்கு!"

ட்ரெய்லரின் எடை விளம்பரக் கணக்குக்குள் இருந்தது. லைல் கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டினான். ஆனால் பிக்கப்பின் முதுகில் இருந்த பாரம் ஸ்டிக்கர் சொன்னதைத் தாண்டியிருந்தது. பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்கு ரெண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"டூல் பாக்ஸை இறக்கு," என்றாள் ஆர்டித். அது பிக்கப்பின் முதுகில் சவப்பெட்டி மாதிரி கிடக்கும் இரும்புப் பெட்டி.

"வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

"இதாலதான் ஆகும்."

லைல் ஒரு சங்கிலியையும் பாதி காலியான எண்ணெய்க் கேனையும் மட்டும் இறக்கி வைத்துவிட்டு, "இப்ப சரியா?" என்றான். ஆர்டித் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். வேறென்ன செய்வது?

மறுநாள் காலை லைல் பெட்ரோல் போடப் போயிருந்த நேரத்தில் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கீழறையில் ஒரு ஃப்ரீசர், வசந்தத்தில் வெட்டிய மாட்டின் பாதிக் கறி அதில் முழுக்க. மார்லிஸ் மலை ஊரில் என்னத்தைத் தின்கிறாளோ என்று ஆர்டித் தினமும் புலம்பிக்கொண்டிருந்தாள். எடைதான் இடித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், ட்ரெய்லரின் பின்கோடியில் ஃப்ரீசரை வைத்தால், தராசில் ஒரு தட்டு இறங்க மறு தட்டு ஏறுவதுபோல, மூக்கு லேசாகிவிடாதா? பிக்கப்பின் முதுகுப் பாரமும் குறையும், மகளுக்குக் கறியும் ஆயிற்று. மொத்தம் எவ்வளவு என்று சொல்வதுதான் இத்தனை வருஷமும் அவள் வேலை. பாரம் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் நினைத்துப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரரைத் தள்ளுவண்டியோடு கூப்பிட்டு, கறியை எடுத்துவிட்டுக் காலியாக மேலே ஏற்றி, பின்கதவு வழியாக உள்ளே தள்ளி, கறியைத் திரும்ப அடுக்கி, கயிறு போட்டுக் கட்டினாள். மேலே ஒரு போர்வை. லைலிடம் சொல்லவில்லை. சொன்னால், 'எடை எடைன்னு என் உயிரை எடுத்தவ இப்ப என்ன ஏத்தற' என்று ஆயுசுக்கும் கேட்பான்.

லைல் திரும்பி வந்து ட்ரெய்லரைக் கட்டிவிட்டுச் சுற்றிப் பார்த்தான். பிக்கப் நேராக நின்றது.

"பாத்தியா? ஒரு சங்கிலிய இறக்கினதுக்கே நிமிந்துடுச்சு. எல்லாத்துக்கும் சும்மா பயப்படற நீ."

ஆர்டித் ஏறி, கொடிமுந்திரி வைத்த கொலாச்சி ரொட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

மாநில எல்லை தாண்டும்வரை எல்லாம் சரியாகவே போயிற்று. லைல் ஒரு கையால் ஓட்டினான், மறு கையால் ரொட்டி தின்றான். வயோமிங் சமவெளியில் பக்கவாட்டுக் காற்று பிடித்துக்கொண்டது. பின்னால் எதுவோ லேசாக அசைவதுபோல ஆர்டித்துக்குப் பட்டது.

"மெதுவாப் போ லைல்."

"மெதுவாத்தானே போறேன்."

"இது மெதுவா?"

"ஆர்டித், உனக்கு ட்ராக்டர் வேகமே அதிகம்."

ஒரு நீண்ட இறக்கத்தில் கண்டெய்னர் லாரி ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது. அதன் காற்று ட்ரெய்லரை முதலில் தள்ளியது, அப்புறம் உறிஞ்சி இழுத்தது. அவ்வளவுதான். வால் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று, ஒவ்வொரு தரமும் முன்னைவிட அகலமாக. பக்கக் கண்ணாடியில் ஒரு கணம் ட்ரெய்லரின் முழு விலாவும் தெரிந்தது, மறுகணம் ஒன்றுமே தெரியவில்லை. பின்னால் இருப்பது நாய் வாலை ஆட்டுவதுபோல ஆட, முன்னால் பிக்கப் பாதையின் இரண்டு கோடுகளையும் தாண்டித் தாண்டிப் போய் வந்தது. லைல் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைத் திருகிக்கொண்டு பிரேக்கை ஓங்கி மிதித்தான். ட்ரெய்லர் இன்னும் வெறிபிடித்ததுபோல முன்னால் வந்து முட்டியது.

"கால எடு! பிரேக்குலேர்ந்து கால எடு!" என்று கத்தினாள் ஆர்டித்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க ஒரு சின்ன விசை இருந்தது. வண்டி வாங்கியதிலிருந்து லைல் அதைத் தொட்டதில்லை. லாரிக்காரர்கள் எடைமேடையில் நின்று பேசும்போது அதைப் பற்றி ஆர்டித் கேட்டிருந்தாள். இருக்கையிலிருந்து எட்டி, பெல்ட் கழுத்தை அறுக்க, அந்த விசையை அழுத்தினாள். பின்னால் யாரோ கடிவாளத்தைப் பிடித்து இழுத்ததுபோல ட்ரெய்லர் ஒரு தரம் சிலிர்த்தது. இணைப்பு விறைத்து நேரானது. வால் அடங்கியது. வண்டி தானாக வேகம் குறைந்து, ஓரத்துச் சரளையில் போய் நின்றது.

கொலாச்சி ரொட்டி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் மாட்டு ட்ரெய்லரோடு வந்த ஒரு பெண் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். ட்வைலா எக்காஃப் என்று பெயர் சொன்னாள், அங்கேயே பக்கத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறவள். முழங்கால்வரை சேறு.

"உசிரோட இருக்கீங்களா? பின்னாலேர்ந்து பாத்துட்டே வந்தேன். என் பிரார்த்தனை எல்லாம் தீந்து போச்சு," என்றாள். ட்ரெய்லரைச் சுற்றி ஒரு நடை நடந்து, மூக்கைக் குனிந்து பார்த்து, "வால்ல என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லையே," என்றான் லைல்.

"ஒண்ணுமில்லாம இப்படி ஆடாது. மூக்குல பாரமில்ல, அதான் வாலாட்டுது. மூக்கு கொஞ்சம் அழுத்தணும், அப்பத்தான் சொன்ன பேச்சு கேக்கும்."

லைல் பின்கதவைச் சாய்த்தான். போர்வையை எடுத்தான். ஃப்ரீசரைப் பார்த்தான். பிறகு ஆர்டித்தைப் பார்த்தான்.

'இப்போது ஆரம்பிப்பான்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் அவள். எடைமேடை ராணி, ஊருக்கெல்லாம் திட்டு, கேலனிடம் சொல்லட்டுமா என்று எல்லாம் வரும். வரட்டும், கேட்கத்தான் வேண்டும். ஆனால் லைல் கயிற்றை அவிழ்க்கப் போனான். முடிச்சு அவிழவில்லை.

"நகரு, நான் அவுக்கறேன்," என்றாள்.

"மகளுக்குன்னு சொல்லியிருந்தா முன்னாடி வெச்சிருப்பேனே," என்றான் அவன் மெதுவாக. அவன் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். இதற்கு எரிச்சல்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கறியை எல்லாம் வெளியே எடுத்து, காலி ஃப்ரீசரை மூவருமாகச் சக்கரத்து அச்சுக்குச் சற்று முன்னால்வரை தள்ளி, திரும்பவும் அடுக்கினார்கள். ஆர்டித் ட்வைலாவிடம் ஒரு பெரிய பொட்டலத்தை நீட்டினாள்.

"மாடு வளக்கறவளுக்கே மாட்டுக்கறியா?" என்று அவள் சிரித்தாள். பிறகு பிக்கப்பின் முதுகைத் தட்டினாள். "இந்தச் சவப்பெட்டி யாருக்கு?"

"டூல் பாக்ஸ்," என்றான் லைல்.

"அதையும் தூக்கி ஃப்ரீசர் பக்கத்துல வை. அரை டன் வண்டி முதுகு எவ்வளவுதான் தாங்கும்?"

ஆர்டித் ஒரு வாரமாகச் சொன்னபோது ஏறாதது, சேற்றுக்கால் பெண் ஒரு தரம் சொன்னதும் ஏறிவிட்டது. லைல் பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். வந்து சாவியை அவளிடம் நீட்டினான்.

"நீ ஓட்டறியா?"

கல்யாணம் ஆனதிலிருந்து அவன் தன் சாவியை யாரிடமும் கொடுத்ததில்லை. அவள் வாங்கிக்கொண்டாள்.

வாங்கியது பெரிய தப்பு என்று மலை ஏற ஆரம்பித்ததும் தெரிந்தது. ட்ரெய்லர் இப்போது சாதுவாக வந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான் ஓயவில்லை.

"மெதுவா, மெதுவா."

"லைல், இதைவிட மெதுவாப் போனா பின்னால உருளும்."

"கியரைக் குறை. இறக்கம் வருது, பிரேக்கை மிதிச்சிட்டே போகாதே, சூடேறிடும்."

"குறைச்சாச்சு. இஞ்சின் கத்தறது கேக்கலையா?"

"கண்ணாடியப் பாத்தியா? பின்னால வரிசை கட்டி நிக்கறாங்க. ஓரம் கட்டி வழி விடு. அங்க இல்ல, அங்க சரிவு!"

ஓரம் கட்டி வழிவிட்டாள். போகிறவர்களில் ஒருவன் ஹாரன் அடித்து, கையால் மரியாதையில்லாத ஒரு சைகையும் காட்டிவிட்டுப் போனான். லைல் ஜன்னலைத் திறந்து, "வால் ஆடினா தெரியும்டா உனக்கு!" என்று கத்தினான். கணவாயின் உச்சியில் ஜூன் மாதத்திலும் பனி கிடந்தது. அதைப் பார்க்க யாருக்கும் பொழுதில்லை.

மார்லிஸ், ட்ரெய்லர்களை நிறுத்த இடம் தரும் முகாம் மைதானத்தின் வாசலிலேயே நின்றிருந்தாள். ட்ரெய்லரைப் பார்த்து அழுதுவிட்டாள். கறியைப் பார்த்து இன்னொரு தரம் அழுதாள். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, மின்சாரம் இணைத்து, காப்பி போட்டுக் கொடுத்த பிறகுதான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"அப்பா, ஒரு விஷயம். இது அரசாங்க இடம். ரெண்டு வாரத்துக்கு மேல ஒரே இடத்துல நிறுத்தக்கூடாதாம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வேற மைதானத்துக்கு மாத்தணும்."

"எதை?" என்றான் லைல்.

"இதைத்தான்."

ஆர்டித் கோப்பையைக் கீழே வைத்தாள். மார்லிஸிடம் இருந்தது மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி கார். அதில் கட்டினால் இந்த ட்ரெய்லர்தான் அந்தக் காரை இழுத்துக்கொண்டு போகும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம் இந்த மலையைத் தாண்டி வருவதா, இவனோடு, பக்கத்து இருக்கையில் இவன் வாயோடு?

"பிக்கப்ப இங்கயே விட்டுட்டுப் போறோம்," என்றாள்.

லைல் யாரோ செத்துவிட்டதுபோலப் பார்த்தான். "எந்தப் பிக்கப்ப?"

"எத்தனை பிக்கப் வெச்சிருக்க நீ? கோடை முடியறவரைக்கும் அவ கிட்ட இருக்கட்டும். நாம அவ காரை எடுத்துட்டுப் போவோம்."

அவன் எழுந்து வெளியே போனான். பிக்கப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். மறுநாள் காலை முழுக்க மகளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, முன்னால் போ, பின்னால் வா, அகலமாகத் திரும்பு என்று பாடாய்ப் படுத்தினான். அந்த விசை எங்கே இருக்கிறது, எப்போது அழுத்த வேண்டும், எப்போது பிரேக்கைத் தொடவே கூடாது என்பதை எத்தனை தரம் சொன்னான் என்று கணக்கே இல்லை. கதவைத் திறந்து, ஸ்டிக்கரை விரல் வைத்துப் படித்தும் காட்டினான். எதிரில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்த மனைவியின் பக்கம் மட்டும் அவன் திரும்பவே இல்லை.

ஊருக்குத் திரும்பும்போது மஞ்சள் காரில் அவன் முழங்கால் தாடையைத் தொட்டது. கிடங்கில் காப்பிக்குப் போகும் நாட்களில் அதை யார் கண்ணிலும் படாமல் தானியக் குதிருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். கேலன் கண்டுபிடிக்க ரெண்டு நாள்கூட ஆகவில்லை. "மேடைல ஏத்துங்கடா, முள்ளே அசையாது!" என்று அவன் கத்தியதைக் கண்ணாடி அறையில் இருந்து ஆர்டித்தும் கேட்டாள். சிரிப்பு வந்தது. சிரித்தாளா இல்லையா என்பதை லைல் இருந்த இடத்திலிருந்து பார்க்க முடியவில்லை.

இடம் மாற்றும் நாள் வந்தால் லைல் விடிந்ததும் மகளுக்குப் போன் செய்வான்.

"டயர்ல காத்து பாத்தியா? ட்ரெய்லர் டயர்லயும்? கனமானதெல்லாம் எங்க வெச்சிருக்க? முன்னாடிதானே? ஃப்ரீசரைத் தொடாதே, அது அங்கயே இருக்கட்டும். யாராவது முந்தினா முந்தட்டும், விட்டுடு."

"அப்பா, போன தடவையே எல்லாம் சொன்னீங்க."

"இந்தத் தடவையும் கேளு. உங்கம்மா மாதிரி எதிர்த்துப் பேசாதே."

ஆர்டித் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "மார்லிஸ், நீ கிளம்பு. இவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள கோடையே முடிஞ்சுடும்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு இரண்டு பேரும் சமையலறை மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, மகள் போய்ச் சேர்ந்தேன் என்று கூப்பிடும்வரை ஒருத்தர் மேல் ஒருத்தர் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்கள்.