கிணற்றில் இறக்கிய நன்னாரி

இன்று அக்காவிடம் சொல்லியே தீர்வது என்று இரண்டு பாட்டில்களில் நன்னாரி சர்பத்தை ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். அந்த மணத்தில், மண்மூடி வீட்டுமனையாகிவிட்ட எங்கள் கொழிஞ்சாம்பாறைத் தோட்டத்துக் கிணறு நினைவில் திறந்துகொண்டது.

சின்ன வயதில், கடலைக்காட்டில் வேலைக்கு இறங்குமுன், அப்பாவுக்கு மோர், அக்காவுக்கும் எனக்கும் நன்னாரி என்று அவரவர் பாட்டிலின் கழுத்தில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவோம். மோட்டார் ஓட ஓட நீர்மட்டம் இறங்கும் என்பதால், பாட்டில்கள் வெயிலில் தொங்காதபடி அக்கா அடிக்கடி வந்து கயிற்றைத் தளர்த்திவிட்டுப் போவாள்.

ஒருநாள் அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டு, ஓணான் துரத்தப் போய்விட்டேன். சாயங்காலம் அப்பாவின் மோர் புளித்துப் பொங்கியிருந்தது.

“அக்காதானுங்கப்பா மறந்துட்டா,” என்றேன்.

“அப்ப அவளுக்கு இன்னைக்கு நன்னாரி கெடையாது,” என்றார் அப்பா.

அக்கா கயிற்றைச் சுருட்டி வைத்தாள். வெந்நீராய்ச் சுட்ட என் நன்னாரியை அவள் எதிரிலேயே கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

இன்று பகலெல்லாம் என் தோட்டத்தில் களை பிடுங்கிவிட்டு வந்த அக்காவிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்து, அன்று சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டேன். பாதி குடித்தவள் நிறுத்தினாள்.

“உன்றதையும் இங்க குடு.”

கொடுத்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக, இரண்டையும் குடித்து முடித்தாள்.