கேப்டன் ஒரு வாரம் ஓடக் கூடாது

எங்கள் கல்லூரியில் விளையாட்டுப் பாதுகாப்புக்கும் மாணவர் நலத்துக்குமாக ஒரு குழு அமைத்து, அதற்கு என்னை அமைப்பாளராகப் போட்டார்கள். நான் பொருளாதாரம் நடத்துகிறவன். வாழ்க்கையில் ஓடியதெல்லாம் டவுன் பஸ்ஸுக்காகத்தான். அதிலும் பெரும்பாலும் பஸ்தான் ஜெயித்தது. ஆனால் பயம் என்றால் எனக்கு நல்ல பழக்கம். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டுவதற்கே வீட்டில் இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்.

உற்சாகமாக விதிகள் எழுதினேன். முதலுதவிப் பெட்டி, ஐஸ், ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் முள் பொறுக்குவது. ‘மயங்கி விழுந்தவர் மருத்துவர் சம்மதிக்கும்வரை ஆடக் கூடாது’ என்பதைக் கடைசியில் சேர்த்தேன், பக்கம் நிறைய வேண்டுமே என்று.

பங்குனி வெயிலில், மாலைப் பயிற்சியில், பெண்கள் கோ-கோ அணியின் கேப்டனே விழுந்தாள். விளாங்குடிப் பெண், இறுதியாண்டு. கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளித் தலை விழுந்தது.

கல்லூரி மருத்துவர் தன் அறைக் கட்டிலில் அவளைப் படுக்கவைத்து, குளுக்கோஸ் கொடுத்துவிட்டு, “மதியம் என்னம்மா சாப்ட்ட?” என்றார். பக்கத்தில் நின்ற பேரையூர்ப் பெண், அணியிலேயே வேகமாக ஓடுகிறவள், போட்டு உடைத்தாள்.

“ஒருசந்தி சார். தவக்காலம்னு மத்தியானச் சோத்த விட்டுட்டா. கப்பு ஜெயிக்கணும்னு நேர்ந்துக்கிட்டாளாம்.”

“நீ சாப்ட்டியா?” என்று அவளைக் கேட்டார் மருத்துவர்.

“அவ சாப்டாம நான் மட்டும் எப்புடி சார்?”

வாசலில் நின்ற அணியைத் திரும்பிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒன்றாகத் தரையைப் பார்த்தார்கள். மொத்த அணியும் பட்டினி. என் விதிகளில் சோற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மருத்துவர் ஒரு வாரம் ஓடக் கூடாது என்றார். இறுதி ஆட்டம் சனிக்கிழமை.

“கடைசி வருசம் சார்,” என்று கேப்டன் அழுதாள். “இதுக்காகத்தான சார் இம்புட்டு நாள் ஓடுனேன்.”

உடற்கல்வி மேடத்தை ஆவலோடு பார்த்தேன். “என்னைய ஏன் சார் பாக்குறீங்க? ரூலு நீங்க போட்டது,” என்றார்.

நான் எழுதிய வரியை நானே அடித்துவிட ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் கம்பமும் அந்த ஒரு சாணும் கண்ணுக்குள்ளேயே நின்றன. முடியாதும்மா என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சோறும் வேண்டாமாம், நேர்ந்தது நேர்ந்ததுதானாம்.

“அப்ப வேற எதையாச்சும் விடுடி,” என்றாள் பேரையூர்க்காரி. “போனை விடு.”

“போனா?” மயங்கியபோதுகூட அவள் முகம் அப்படி வெளிறவில்லை.

“சோறுன்னா மட்டும் பொசுக்குன்னு விட்ட?”

“ஆண்டவரு ஒத்துக்கணும்ல?”

“எங்க கருப்பசாமின்னா யோசிக்கணும். உங்காளு மன்னிக்கிறவருதானடி!”

போன் என் மேசை டிராயருக்கு வந்தது. மறுநாள் மதியம் மெஸ்ஸில் மொத்த அணியும் சாம்பாரை இரண்டாம் முறை கேட்டதாகச் செய்தியும் வந்தது.

சனிக்கிழமை அவள் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து ஆடினாள். “திரும்புடி! எருமை, கம்பத்தப் புடி!” என்று கத்தியதில் தொண்டை போய்விட்டது. பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, என்னைக் கத்தச் சொன்னாள். நானும் கத்தினேன். எருமை என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

ஜெயித்தோம். கோப்பை வாங்கக் கேப்டனைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. “ஆடாதவ வாங்கக் கூடாது. நீ போ,” என்று பேரையூர்ப் பெண்ணைக் காற்றுக் குரலில் விரட்டினாள்.

“இப்ப நீ போறியா, இல்ல நாங்க அம்புட்டுப் பேரும் நாளையிலருந்து மறுபடியும் பட்டினி கெடக்கவா?”

அவள் எழுந்தாள். இரண்டடி நடந்தாள். அப்புறம் மைதானத்தின் குறுக்கே ஒரே ஓட்டம். ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. குழுவின் அமைப்பாளர் அந்த நேரம் பார்த்துக் குனிந்து, முதலுதவிப் பெட்டியில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.